உனக்குப் போட்ட ஜாமீன்

இன்று விடுமுறை. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கலாம் என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினேன். லக்ஷ்மிபாய் நகர் சிக்னலில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஈரச் சிமென்ட் வாசனை வந்தது. பழைய குவார்ட்டர்ஸை இடித்த இடத்தில் மாடிக்கு மேல் மாடியாக எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகப் பூசிய சுவருக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மாள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மார்க்கெட் நிறுத்தம் போனதுகூடத் தெரியவில்லை. எங்கோ இறங்கி, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து, உனக்கு இதை எழுதுகிறேன்.

அந்த வாசனையில் கட்டி முடியாத உன் வீடுதான் கண்ணில் வந்தது. கிரேட்டர் நொய்டாவில், வயலுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் நின்ற அந்தக் கட்டடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். லிஃப்டுக்கு விட்ட குழி மட்டும் இருந்தது. உன் வீட்டுக்காரர், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, பார்த்து வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி முன்னால் ஏறினார். நாம் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினோம். மேலே போனதும் உனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ. கதவே வைக்காத வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாய். "இங்கன அடுப்பு. அங்கன ஃப்ரிட்ஜ். இந்த மூலையில தேனுக்கு மேசை போட்டுரணும்" என்று மகள் தேன்மொழிக்கும் இடம் ஒதுக்கி, வெறுங்காலோடு சிமென்ட் தூளில் நடந்து காட்டினாய். பால்கனி வர வேண்டிய இடத்தில் நின்று, காற்று எப்படி வருகிறது பார் என்றாய். நிஜமாகவே நல்ல காற்று.

அதற்குப் பிறகு அங்கே ஒரு செங்கல்கூட ஏறவில்லை.

நாம் இருவரும் டெல்லிக்கு வந்தபோது வீடு என்ற நினைப்பே இல்லை. நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், நான் திருச்சி. இரண்டு பேருக்கும் ஒரே அமைச்சகத்தில் ஸ்டெனோ வேலை. பெண்கள் விடுதியில் ஒரே அறை. எனக்கு ஹிந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் எப்போதும் குழம்பும். பஸ் கண்டக்டரிடம் நான் பேசியதைக் கேட்டு நீ நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தாய். பிறகு நீயே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாய். நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்று நம் இருவருக்கும் போட்டி. ஒரு தடவைகூட நான் உன்னை ஜெயித்ததில்லை. உன் சுருக்கெழுத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அவ்வளவு சுத்தம். அதனால்தான் நம்மில் உன்னை முதலில் அந்த மேல் மாடிப் பிரிவுக்கு எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து நானும் வந்தேன்.

அந்தப் பிரிவுக்குள் போகும் முன் போனை வெளியே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே தட்டச்சு செய்ததை வீட்டில் பேசக்கூடாது. நாம் இருவரும் ஒருவருக்கொருவர்கூடப் பேசியதில்லை. அங்கே வேலை செய்பவர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள். வழக்கு உண்டா, யாரோடு பழக்கம், வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார்களா, கடன் எவ்வளவு. முதல் தடவை அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு நான் உன்னிடம், என் கடனைத் தெரிந்துகொண்டு சர்க்கார் என்ன அடைக்கவா போகிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய். நம் இரண்டு பேருக்கும் அப்போது விடுதி மெஸ்ஸுக்குத் தர வேண்டியதைத் தவிர வேறு கடன் இல்லை.

பில்டர் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போனதும், வீடு கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது என்று பாங்க்கில் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது நீ, உன் சம்பளத்தின் பேரில். கொரோனா சமயத்தில் உன் வீட்டுக்காரர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓக்லா ஃபாக்டரியை மூடினார்கள். பிறகு அவருக்குக் கிடைத்த வேலை எதிலும் பாதிச் சம்பளம்கூட இல்லை. நல்ல மனிதர். குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால்கூட உன் வீட்டில் ஆள் இல்லை. நகை போனது. வீட்டுத் தவணை கட்ட பாங்க்கில் இன்னொரு கடன். அந்தக் கடனின் தவணைக்கு, போனிலேயே பணம் தருகிற அந்த ஆப்கள். பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்கிறவர்கள். உன் போனில் இருக்கிற எல்லோருடைய நம்பரும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்பது உனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதையெல்லாம் நீ என்னிடம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடன் ஏறும்போதும் ஒன்று சொல்வாய், சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவாய். டப்பாவில் கொண்டுவருகிற சாதம் குறைந்ததை நான்தான் கவனித்தேன்.

அப்போதுதான் வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்கு மூன்று வருடப் பணிக்கு உன் பெயர் வந்தது. நாம் இத்தனை வருடம் காத்திருந்த பணி. வெளிநாட்டுப் படித்தொகையும் சேர்ந்தால் சம்பளம் இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு. உன் முகத்தில் பழைய விடுதிக் களை வந்தது. ஒரே வருடத்தில் ஆப் கடன், அடுத்த வருடம் பாங்க் கடன், மூன்றாம் வருடம் வீட்டுத் தவணைப் பாக்கி என்று மெட்ரோவில் நின்றபடியே எனக்கு வரிசையாகச் சொன்னாய். கிளம்பும் முன் பாதுகாப்புச் சரிபார்ப்பு ஒன்று பாக்கி. அதற்கான படிவத்தில் பாங்க் கடன்களை எழுதியிருந்தாய். ஆப் கடன்களை எழுதுவதா, அதற்குள் எப்படியாவது அடைத்துவிடுவதா என்று தவித்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் குளிர்காலத்து மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆபீஸ் முன் புல்வெளியில் எல்லோரும் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கடலை உரித்துக்கொண்டும் ஆரஞ்சு தின்றுகொண்டும், ஒரு கூட்டம் சீட்டாடிக்கொண்டும். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். என் மடியிலிருந்த கடலையை எடுத்து உரித்தாய். பிறகு குரலை இறக்கிச் சொன்னாய்.

"ஏட்டி, ஒருத்தன் போன் பண்ணுதான். என் கடன மொத்தமா அடைச்சிருதேங்கான்."

யார் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாய். மேடம்ஜி, மேடம்ஜி என்று மரியாதையான ஹிந்தியாம். எந்த ஆப்பில் எவ்வளவு பாக்கி என்று உனக்கே மறந்துபோனதையெல்லாம் சொன்னானாம். ஒரு கம்பெனி சர்க்கார் ஊழியர்களுக்கு உதவி செய்கிறது, பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், உங்கள் பிரிவில் யார் யார் இருக்கிறார்கள், யார் எந்த வேலை பார்க்கிறார்கள், அது தெரிந்தால் போதும் என்றானாம்.

யாருக்காவது கேட்டுவிட்டதா என்று சீட்டாடும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"முடியாதுன்னு சொல்லி வச்சிட்டேன்" என்றாய். "இப்ப மாடிக்குப் போயி ஆபீசர்கிட்ட சொல்லப் போறேன். நீ வாசல் வரைக்கும் வா, போதும்."

நான் சொன்னேன், அதைச் சொன்னால் ஆப் கடன் எல்லாம் வெளியே வரும், வெளிநாட்டுப் பணி போய்விடும், அது போனால் கடன் அடையவே அடையாது. உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. நீ கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

"இன்னைக்கு மறைச்சேன்னு வையி. அவன் கையில என் கடன் மட்டுமா இருக்கும்? நான் மறைச்சதும் இருக்கும். அப்புறம் அத வச்சே கூப்பிடுவான். அதுக்கப்புறம் எனக்கு முடியாதுன்னு சொல்ல வாயி இருக்காதுடி."

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாய். பாதுகாப்பு அதிகாரியின் அறை வாசல் வரை உன்னோடு வந்தேன். கதவைத் தட்டும் முன் உன் கையைப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டிருந்தது. நீயும் அதைப் பார்த்தாய். "நடுங்குனா நடுங்கிட்டுப் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டு அதே கையால் தட்டினாய்.

வெளியே வந்தபோது நீ சொன்ன முதல் வார்த்தை, "டீ குடுத்தாருடி" என்பதுதான். அவர் ராணுவத்திலிருந்து வந்தவர், தன்மையானவர். நன்றி சொன்னாராம். நூற்றில் ஒருவர்தான் இப்படித் தாமாக வந்து சொல்கிறார் என்றாராம். உன் முகத்தில் சின்னப் பெருமைகூட இருந்தது. அன்று மாலை மெட்ரோவில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நீ அப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஆர்டர் வந்தது. விசாரணை முடியும் வரை நீ அந்தப் பிரிவுக்குள் போகக்கூடாது. லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். நுழைவு அட்டையை மாற்றினார்கள். உன்னைக் கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்களை வைக்கும் ரெகார்டு அறைக்கு அனுப்பினார்கள். தூதரகத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் உன்னிடமே வந்து, அங்கே குளிருக்கு எந்த மாதிரி கோட் வாங்கலாம் என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய்.

தெரியாதவர்கள் எல்லாவற்றையும் தெரிந்த மாதிரி பேசினார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஏதோ கொடுத்துவிட்டாளாம், அதனால்தான் கீழே போட்டுவிட்டார்களாம். கான்டீனில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். நடந்தது நேர் மாறு என்று நான் சொல்ல முடியாது. அந்த போன் அழைப்பைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று உனக்கும் எனக்கும் உத்தரவு. உண்மையைச் சொன்னதற்காக ஒருத்திக்குத் தண்டனை, அந்த உண்மையை அவளே வெளியே சொல்லவும் கூடாது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், வீட்டில் என் வீட்டுக்காரரிடமும் மகனிடமும் எரிந்து எரிந்து விழுந்தேன்.

பிறகு ஆப்காரர்களின் போன் ஆரம்பித்தது. உன் போனிலிருந்து அவர்கள் எடுத்த நம்பர்கள் எல்லாவற்றுக்கும். எனக்கு வந்தது. தேன்மொழி படித்த தமிழ்ப் பள்ளி டீச்சருக்குப் போனது. நம் அதிகாரிகள் சிலருக்கும் போனது. உன் படத்தைப் போட்டு, இவள் ஏமாற்றுக்காரி என்று எழுதி அனுப்பினார்கள். அதுவும் உன் விசாரணையில் சேர்ந்தது. பிரிவில் இருப்பவர்களின் நம்பர்கள் வெளியாட்கள் கைக்குப் போக நீ காரணம் என்று எழுதினார்கள். அதில் பொய்யில்லை. அதுதான் உன்னை உடைத்தது. நீ செய்யாததை யார் சொன்னாலும் தாங்கிக்கொண்டாய். இதற்குப் பதில் சொல்ல முடியாமல் ரெகார்டு அறையில் தூசி ஃபைல்களுக்கு நடுவே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஆப் கடன்களை ஒரே மூச்சில் அடைத்தால்தான் போன் நிற்கும். நம் ஊழியர் கடன் சங்கத்தில் விண்ணப்பித்தாய். சக ஊழியர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும். இரண்டு பேரிடம் கேட்டாய் என்று பிறகு தெரிந்தது. ஒருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், ஒருவர் லீவில் போய்விட்டார். என்னிடம் நீ கேட்கவே இல்லை. நானாகத்தான் பேனாவை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

"யோசிச்சுப் போடு" என்றாய். "நாளைக்கு உனக்கும் சரிபார்ப்பு வரும். என் கடன் உன் மேல ஒட்டும்."

நான் போட்டேன். என் வீட்டுக்காரரிடம் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். மோரை ஊற்றிக்கொண்டே, அவங்க ஓடிப்போற ஆளா என்ன, என்று மட்டும் சொன்னார்.

போன் நின்றது. தவணைகள் உன் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டு ஒழுங்காகப் போயின. ஜனக்புரியில் எங்கள் தெருவில் யாரோ, மாலையில் மாவு அரைத்து விற்கலாமே என்று உனக்கு யோசனை சொன்னார்கள். சர்க்கார் ஊழியர் அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்யக்கூடாது என்று நீ சம்மதிக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. இன்னும் என்ன விதி, யாருக்காக என்று கேட்டேன். இன்னொரு காரணத்தை நானாக அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன் என்றாய்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை நீ என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாய். உனக்கு டீ கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். தவணைச் சீட்டுகளையெல்லாம் அடுக்கி வைத்தாயாம். நடுவில் இருந்தவர் கனிவாகத்தான் ஹிந்தியில் பேசினாராம். "உங்கள் நேர்மை மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, மேடம். உங்கள் நிலைமை மேல்தான்."

"அதுக்கு நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல. அந்த நிலைமையிலதான சார் வந்து சொன்னேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

ஒரு வருடம் தவணை தவறாமல் கட்டினால் மறுபடி பார்க்கலாம் என்றார்களாம். நீ அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டாய். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டாய். நான் வாங்கிக் கொடுத்தால், கணக்கு ஏறுகிறது என்றாய். கடைசி மாதங்களில் உன்னிடம் பேசுவது கஷ்டமாக இருந்தது. எதைப் பேசினாலும் அந்த மறு விசாரணையில் வந்து முடியும். என்னைத் திருப்பி எடுப்பாங்களா, எடுப்பாங்களாடி என்று ஒரே கேள்வி. எடுப்பார்கள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் மாத வெக்கையில், ரெகார்டு அறையில் கூலர் ஓடாத ஒரு நாள், நீ நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாய். அங்கே வேலை பார்க்கும் பியூன் ஒருவர் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் கோணி, பேச்சு இல்லை. தேன்மொழி உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ இடது கையால் என் கையை இழுத்து, என் உள்ளங்கையில் விரலால் ஏதோ கிறுக்கினாய். முதலில் புரியவில்லை. மறுபடி கிறுக்கினாய். சுருக்கெழுத்து. இடது கையில்கூட அது கோணவில்லை. ஷ்யூரிட்டி என்று எழுதியிருந்தாய். ஜாமீன்.

நீ போகப்போகிறாய் என்பதைவிட, என் மேல் அந்தக் கடன் விழப்போகிறதே என்று தவித்தாய். நான் குனிந்து உன் காதில், அது என் பொறுப்பு, நீ அதை விடு என்றேன். உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அதன் பிறகு நீ எதுவும் எழுதவில்லை.

லோதி ரோடு மின்தகன மேடையில் எல்லாம் முடிந்து, காரியங்கள் முடிந்து, நான் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனேன். உன் ஒரு வருடம் முடிந்திருந்தது, ஒரு தவணையும் தவறவில்லை, மறு விசாரணை என்னவாயிற்று என்று கேட்டேன். ஃபைலை மூடிவிட்டோம் என்றார்கள். சம்பந்தப்பட்டவர் காலமாகிவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கடைசியாக எழுதியிருக்கிறார்களாம். அவள் தகுதியானவள் என்று ஒரு வரி எழுதி மூடக்கூடாதா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாழ்நாளில் நான் யாரிடமும் அப்படி நின்றதில்லை. அந்த மனிதருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இறந்தவருக்கு க்ளியரன்ஸ் கொடுக்க விதியில்லை, மேடம் என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நீ போன பிறகு ஆபீஸிலிருந்து உன் கணக்கில் வந்த பணம் முழுவதும் வீட்டுக் கடன் பாக்கிக்குப் போனது. உன் வீட்டுக்காரர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து உத்தம் நகரில் ஓர் அறைக்குப் போய்விட்டார். சங்கக் கடனின் மிச்சத்தை என் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். அவர் என் வீட்டுக்கு வந்து, ஏதோ பேச ஆரம்பித்து, பாதியில் எழுந்து போனார். அவரை நான் என்ன சொல்ல முடியும்?

தேன்மொழி குர்கானில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். முதல் சம்பளம் வந்ததும் ஓர் உறையோடு வந்தாள். உன் பெண்ணின் தமிழ் உனக்குத் தெரியும், பாதி வார்த்தை ஹிந்தியில்தான் வரும். "ஆன்ட்டி, இது அம்மாவோட கர்ஸா. எனக்கும் ஹிஸ்ஸா இருக்கு. நோ மட்டும் சொல்லாதீங்க" என்றாள். கடனில் தனக்கும் பங்கு உண்டு என்கிறாள். நான் வேண்டாம் என்றேன். அவள் உறையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாதாமாதம் வருகிறாள். வைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

போன மாதம் எனக்குச் சரிபார்ப்பு வந்தது. நீ சொன்னபடியே. என் மகனுக்கு இன்னும் காலேஜ் இரண்டு வருடம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அடுத்த வருடம் ரிட்டையராகிறார். எனக்குப் பிரமோஷன் வர வேண்டிய சமயம். கொஞ்ச நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைப் போல நிமிர்ந்து போக எனக்குத் தெரியாது. கடனை முழுக்க எழுதினேன். யாருக்காக, எப்போது, எவ்வளவு மிச்சம் என்று. எழுதும்போது அழுதுகொண்டேதான் எழுதினேன்.

அதிகாரி சின்ன வயசு. உன்னை அவருக்குத் தெரியாது. ஃபைலில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. கடனில் இருக்கிறவர், விசாரணையில் இருக்கிறவர் என்று தெரிந்தும் ஏன் ஜாமீன் போட்டீர்கள் என்று கேட்டார். அவளை எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும் என்றேன். அது பதிலாகாது என்பது போலப் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"இப்போது நடந்ததெல்லாம் தெரிந்த பிறகு, மறுபடியும் அந்தக் கையெழுத்தைப் போடுவீர்களா?"

என்ன சொன்னால் எனக்கு நல்லது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாட்டேன் சார், அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னால் போதும். அவரே அதற்கு வழிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் என் மகனை நினைத்தேன்.

போடுவேன் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். முடிவைத் தெரிவிப்போம் என்றார். இன்றுவரை ஒன்றும் வரவில்லை. போன வாரம் என் லாக்கர் சாவியை வாங்கிக்கொண்டார்கள், தற்காலிகம்தான் என்று சொல்லி. இப்போது வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. கடன் இன்னும் மூன்று வருடத்துக்குப் பக்கம் ஓடும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வருகிறது. பிடித்தங்களில் கடைசி வரி சங்கக் கடன், அதற்கு எதிரே யாருக்காக ஜாமீன் என்று உன் முழுப் பெயரையும் அச்சடித்திருக்கிறார்கள். பிரிவின் பட்டியலில் நீ இல்லை, ரெகார்டு அறையின் வருகைப் பதிவில் இல்லை, மூடிய ஃபைலை இனி யாரும் திறக்கப்போவதில்லை. அந்தப் பெரிய கட்டடத்தில் உன் பெயரை இன்னும் எழுதுகிற இடம் என் சம்பளச் சீட்டு ஒன்றுதான்.